உயிரோடிருப்பவருக்கு இஞ்சின் இல்லை

எங்கள் வேதக்கோயில் மூப்பர் செத்தவர்களுக்குக் கரண்ட் கொடுப்பார், மூச்சு விடுகிறவர்களுக்குக் கொடுக்கமாட்டார். இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்துக்கொண்டு போய்விட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிமுனையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் நாலு வீடும் ஒரு ஒழுங்கையும் இருக்கின்றன. என் கணவர் இருபத்தைந்து வருடம் சங்கு குளித்தவர். இப்போது நுரையீரல் இரண்டும் கெட்டு, மூக்கில் குழாயோடு கூடத்துக் கதிரையில் இருக்கிறார். குழாயின் மறுமுனையில் ஒட்சிசன் மெசின். அலுமாரிக்குப் பக்கத்தில் அது பெரிய நாய் ஒன்று படுத்திருக்கிற மாதிரி உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அது மூச்சு விட்டால்தான் அவரும் விடுவார். அதற்குக் கரண்ட் வேண்டும்.

கரண்ட் போகும்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் காற்றாடி சோர்ந்து நிற்கும். பிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உதறிவிட்டு அடங்கும். மெசின் நீளமாக ஒரு தரம் கத்தும், நான் ஓடிப்போய் அதை நிறுத்துவேன். பிறகு வீட்டுக்குள் கடல் வரும். அலை நனைக்காது, சத்தம் மட்டும் நாலு வீட்டையும் தாண்டி வந்து கூடத்தை நிரப்பிவிடும். யன்னல் வெளிச்சம் பச்சையாகத் தெரியும். அந்த நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இறங்கிட்டம்" என்பார். சங்கு குளிக்கப் போகிறவர்கள் தோணியிலிருந்து நீருக்குள் போவதை அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கு அது பகிடி. நான் சின்ன ஒட்சிசன் சிலிண்டரைத் திருகிக்கொண்டிருப்பேன். அந்தச் சிலிண்டர் இரண்டு மணித்தியாலம் தாங்கும், அதற்கு மேல் இல்லை. எனக்கு அது பகிடியே இல்லை.

அதனால் முழு வீட்டுக்கும் ஒரு ஜெனரேற்றர் வாங்குவது என்று முடிவு செய்தோம். கரண்ட் போனால் தானாக எழும்பி, வந்தால் தானாகப் படுக்கிற வகை.

விற்கிறவர் மன்னார் நகரத்திலிருந்து வந்தார். முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளைதான், ஆனால் ஒரு கேள்விக்கு நாலு படம் காட்டுவார்.

"அன்ரி, வீட்டில என்னென்ன ஓடுது எண்டு எழுதித் தாங்கோ. எட்டு கே.வி.ஏ. காணுமோ, பத்து வேணுமோ எண்டு பாப்பம்."

என் தம்பி வாசல் படியில் குந்தியிருந்தான். கடல் தொழில் செய்கிறவன். எந்த இஞ்சினைப் பற்றியும் அவனுக்கு அபிப்பிராயம் உண்டு.

"எழுதி என்ன செய்யிறது? பத்து எண்டால் எத்தினை குதிரை?"

"அது குதிரைக் கணக்கில்லை அண்ணை."

"குதிரை இல்லாத இஞ்சினை எப்படி நம்பிறது?"

கதிரையிலிருந்த என் மனிசன் சிரிக்கப் போய் இருமினார். விற்கிறவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒட்சிசன் மெசின் சும்மா நாலைந்து பல்ப் மாதிரித்தான் இழுக்குமாம். பயம் தண்ணி மோட்டரில்தானாம். அது எழும்பும் நேரத்தில் மூன்று மடங்கு இழுக்கும், ஜெனரேற்றர் சின்னதென்றால் அந்த இழுவையில் மூச்சுத் திணறும் என்றார். 'மூச்சுத் திணறும்' என்று சொன்னதும் என் கணவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பிக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. எங்கள் ஆட்கள் ஒரு வெளி இஞ்சினை வாங்குவதென்றால் தோணியில் பூட்டி ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கடதாசியைப் பார்த்து வாங்கியவன் எவனும் எங்கள் கரையில் இல்லை.

"கோயில் இஞ்சின் பத்துத்தானே அக்கா? அதைக் கொண்டுவந்து பூட்டி ஓடிப் பாப்பம். இழுத்தா இழுக்கும், இழுக்காட்டி பெரிசு எடுப்பம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் யோசிக்கவில்லை. பிழையில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கமாட்டேன்.

கோயில் இஞ்சின் என்பது கோயிலுக்குப் பின்னால் தறப்பாளுக்குக் கீழே நிற்கிற டீசல் ஜெனரேற்றர். திருநாளுக்கு வெளியே வரும். மற்றபடி செத்தவீட்டுக்கு மட்டும் வரும், லைட் போடவும் செபம் சொல்ல ஒலிபெருக்கி கட்டவும். செத்தவீட்டுக்காரர் கோயில் சபைக்குத் தலைவரான மூப்பரிடம் போய் "இஞ்சின் வேணும்" என்று மட்டும் சொல்வார். ஆர் செத்தது, எப்படிச் செத்தது என்று மூப்பர் கேட்கமாட்டார். அந்த நேரத்தில் வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்ல வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் மரியாதை. இஞ்சினின் சங்கிலிப் பூட்டுத் திறப்பை எடுத்துக் கொடுப்பார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

தம்பி காலை பத்து மணிபோல் போனான். "அக்கா வீட்டுக்கு இஞ்சின் வேணும்" என்று சொல்லியிருக்கிறான். மூப்பர் எழும்பி நின்று, தோளில் கை வைத்து, திறப்பைக் கொடுத்து, "கொண்டு போ, நான் வாறன்" என்றாராம். என்ன நல்ல மனிசன் என்று நினைத்துக்கொண்டு, இஞ்சினை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தான். வழியில் கடைக்காரர்கள் பாதிக் கதவு சாத்தினார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டார்கள். வெயிலுக்காக என்று நினைத்தானாம் என் தம்பி.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு இன்றைக்கும் கனவு மாதிரித்தான் ஞாபகம் இருக்கிறது. வெயில் வெள்ளையாக நின்றது. ஒழுங்கையில் ஒரு கழுதை மதில் நிழலில் அசையாமல் நின்றது. தம்பியும் விற்கிறவரும் பின்பக்கத்தில் கம்பி பூட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது கோயில் மணி அடித்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. துக்கமணி.

"ஆருக்காம்?" என்று கேட்டார் என் கணவர்.

"தெரியாது. கிழவர் ஆரும் இருக்கும்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். மூக்குக் குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, செத்த ஆத்துமாவுக்காக நித்திய இளைப்பாற்றிச் செபத்தை முழுதாகச் சொன்னார். இடையில் இரண்டு முறை மூச்சு எடுத்தார். ஆமென் சொல்லிவிட்டு, "பாவம்" என்றார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடியும் காற்றில் கரையும்வரை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு நித்திரை வருவது போல் இருந்தது. மணி, மெசினின் உஸ், மணி, உஸ்.

பக்கத்து வீட்டு மச்சாள் தலைவிரி கோலமாக வாசலால் வந்தாள். "என்ர அண்ணே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தவள் கதிரையைக் கண்டு நின்றாள்.

"ஆர் தங்கச்சி செத்தது?" என்று கேட்டார் அவர்.

அவள் வாயை மூடினாள். திறந்தாள். "நீங்கள்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒழுங்கை நிறைய ஆட்கள். வெள்ளைச் சேலைகள், குடைகள். ஒருவர் தலையில் நாலு பிளாஸ்ரிக் கதிரை. எல்லோருக்கும் பின்னால் மூப்பர், கையில் பெரிய பாடுபட்ட சிலுவைச் சுரூபம், அவருடைய ஆட்களிடம் இரண்டு மெழுகுதிரித் தண்டு. எல்லோரும் தண்ணீருக்குக் கீழே நிற்பவர்கள் போல் மெல்ல மெல்ல அசைந்தார்கள்.

"வாங்கோ மூப்பர், இருங்கோ" என்றார் என் கணவர். "கதிரையளும் கொண்டந்திருக்கிறியள்."

மூப்பர் இருந்தார். வேறு என்ன செய்வார்? நான் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். எனக்கு அழுகையும் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, கோபம்தான் நிலைத்தது.

பின்பக்கத்தில் தம்பிக்கு எதுவும் தெரியாது. இஞ்சினைச் சுழற்றி இயக்கினான். செத்தவீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே இருமல், அதே தடதட. கூடத்திலிருந்த பெண்கள் இருவர் அந்தச் சத்தத்துக்கே அழத் தொடங்கினார்கள், பழக்கதோஷம். வீட்டின் கரண்டை அதற்கு மாற்றினார்கள். காற்றாடி, பிரிட்ஜ், மெசின், கடைசியாகத் தண்ணி மோட்டர். துக்கத்துக்கு வந்த சனம் முழுவதும் எழும்பிப் போய் மோட்டரைச் சுற்றி நின்று பார்த்தது. இஞ்சின் ஒரு கணம் குனிந்தது. பிறகு நிமிர்ந்தது. மேலே தாங்கிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"பாத்தியளே? பத்துக் காணும்" என்றான் தம்பி. அப்போதுதான் இத்தனை ஆட்களைக் கண்டான். "என்ன எல்லாரும் வந்திருக்கிறியள்?"

இதுவரை நடந்ததற்கு நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை. நாங்களும் பிழை, அவர்களும் பிழை. இனி நடந்ததுதான் என் வழக்கு.

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு றேடியோ நின்றது. ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டில் மட்டும் காற்றாடி சுற்றியது. என் கணவர் செத்தவர்களுடைய இஞ்சினில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்போது மூப்பர் எழும்பி, சுரூபத்தைத் துணியில் சுற்றினார்.

"சரி பிள்ளை. இஞ்சினைத் திருப்பி ஏத்தச் சொல்லுங்கோ."

"கரண்ட் போயிட்டுதே மூப்பர். வந்தவுடன தாறம்."

"அது கோயில் சொத்து. திருநாளுக்கும் செத்தவீட்டுக்கும்தான் எண்டு சபையில எழுதி வச்சிருக்கு. ஆள் இருக்கிறார்தானே, பிறகென்ன?"

"ஆள் செத்திருந்தா?"

"அப்ப துக்கத்து எட்டு நாளுக்கும் விட்டிருப்பன்."

அவர் மனச்சாட்சியோடுதான் அதைச் சொன்னார். தம்பி கையை ஓங்கினான், என் கணவர் விரலால் 'வேண்டாம்' என்று காட்டினார். இஞ்சினை நிறுத்தினார்கள். கடல் கூடத்துக்குள் வந்தது. சனம் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போனது. நான் சிலிண்டரைத் திருகினேன்.

அந்த மத்தியானம் முழுக்க நான் அந்தச் சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி வேறு சிலிண்டர் தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தான். முள் சிவப்புக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. யன்னல் பச்சையாக இருந்தது. அவர் கண்ணை மூடி, குளிக்கிற காலத்தில் செய்த மாதிரி, ஒவ்வொரு மூச்சையும் உள்ளே வைத்து வைத்துச் செலவழித்தார். "அடி தெரியுது" என்றார் ஒருமுறை. மணல் நல்ல வெள்ளையாம். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே வாங்கோ என்றேன். முள் அடியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் காற்றாடி அசைந்தது.

பிறகு வாங்கினோம். பத்து கே.வி.ஏ., பெட்டிக்குள் அடைத்த வகை, சத்தம் குறைவு. "அந்தத் தடதட மட்டும் வேண்டாம். அந்தச் சத்தத்தில நான் ஒருக்காச் செத்திட்டன்" என்று அவர் சொல்லிவிட்டார். உப்புக் காற்று படாமல் கிணற்றுக்கு அந்தப் பக்கம், தென்மேற்குக் கச்சான் காற்று புகையை வீட்டுக்குள் தள்ளாத இடமாகப் பார்த்து வைத்தோம். விற்கிறவர் முதலில் காட்டிய இடத்தில் வைத்திருந்தால் ஆறு மாதம் புகையைத்தான் குடித்திருப்போம். காற்றுக் கணக்கில் தம்பி சொன்னது சரி.

கரண்ட் போவதற்கும் ஜெனரேற்றர் எழும்புவதற்கும் இடையில் பன்னிரண்டு செக்கன் போகும். அதைக் குறைக்க முடியாது என்று விற்கிறவர் மன்னிப்புக் கேட்டார்.

"பன்னிரண்டோ?" என்றார் என் கணவர். "நான் அதுக்குள்ள சங்கே எடுத்திருக்கமாட்டன். போய்ச் சேரவே காணாது."

அந்தப் பன்னிரண்டு செக்கனும் இப்போதும் கடல் வீட்டுக்குள் வருகிறது. "இறங்கிட்டம்" என்கிறார். நான் எண்ணுகிறேன். பன்னிரண்டில் கிணற்றடியில் மெல்லிய முனகல் எழும்புகிறது, கடல் திரும்பிப் போகிறது, மெசின் உஸ் என்கிறது. எங்களுக்கு இது போதும். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இப்படி வாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், தறப்பாளுக்குக் கீழே அந்த இஞ்சின் இன்னும் யாராவது சாகட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறது.

மூப்பர், இதை நீங்கள் வாசிப்பீர்கள். வாற ஞாயிற்றுக்கிழமை முதலாம் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நான் ஒரு கதிரை போடுவேன். சிலிண்டரோடு என் கணவர் அதில் இருப்பார். நீங்கள் யாருக்காக மணி அடிப்பித்தீர்களோ, அதே மனிசன். அன்றைக்கு என் வீட்டுக்கு வந்த அத்தனை சனத்துக்கும் முன்னால், ஒலிபெருக்கியில், அவர் காது கேட்கும்போதே சொல்லுங்கள்: மூச்சு விடுகிற ஒருவருக்கு அந்த இஞ்சினைக் கொடுக்கக் கூடாது என்று எழுதியது யார், ஏன் எழுதினார்கள், அதை எப்போது அழிக்கப் போகிறீர்கள்?