அக்காவின் ஆறு மணி மாத்திரை

முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, அக்காவைப் பற்றி அழாமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுத எழுதச் சிரிப்புதான் வருகிறது. அக்கா அப்படிப்பட்டவர்.

அக்கா பிறந்தது தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரையில். பள்ளிக்கூட நாளிலேயே வலிப்பு வந்தது. மாத்திரையால் அடங்கியும் இருந்தது. ஒரு தவக்காலத்தில் நாங்களெல்லாம் கறி, மீனை விட்டோம். அக்கா யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டார். குருத்து ஞாயிறு பவனியில், பிடித்த ஓலையோடு விழுந்தார். இரும்பு பட்டால் நிற்குமாம். யாரோ உபதேசியாரிடமிருந்த கோயில் சாவிக்கொத்தை வாங்கி அக்கா கையில் திணித்தார்கள். வலிப்பு தானாகத்தான் நின்றது. கண் விழித்த அக்கா சாவியைப் பார்த்து, “ஏன்டா தம்பி, என்னை உபதேசியாரா ஆக்கிட்டாங்களா?” என்றார்.

டாக்டர் திட்டவில்லை. “நரம்புக்குள்ள சின்னச் சின்ன மதகு இருக்கும்மா. அது வழியா உப்புச்சத்து உள்ள போனாத்தான் மின்சாரம் ஓடும். வலிப்புல எல்லா மதகும் ஒண்ணா, ஓயாம திறக்குது. இந்த மாத்திரை, மூடின மதகைச் சட்டுனு திறக்க விடாது. வேணுங்கிறது போகும், உடைப்பு எடுக்காது. ரத்தத்துல மருந்து குறைஞ்சா பழைய கதைதான். நீங்களா நிறுத்தாதீங்க.”

அன்றிலிருந்து மாலை ஆறு மணி மாத்திரை தவறியதே இல்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஆறு மணி ஆகியும் கிளம்பவில்லை. “இன்னிக்கு மட்டும் அப்புறமா போட்டுக்கடி, குடும்ப மானம் போயிடும்” என்று அம்மா அடுப்படியில் கெஞ்சினார். அக்கா காபித் தட்டிலேயே மாத்திரையை வைத்துக்கொண்டு போனார். எல்லோரும் பார்க்க விழுங்கினார். “எனக்கு வலிப்பு இருக்குங்க” என்று சொல்லி, மதகுக் கதை முழுவதையும் சொல்லி முடித்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். “நாங்க கடைமடைக்காரங்க, ஆத்துத் தண்ணி கடைசியா வர்ற ஊரு. மதகு மூடுறதைப் பத்தி எங்களுக்கா சொல்றீங்க?” என்றவர், தம் அம்மாவிடம் திரும்பி, “இவங்க மறந்தா நான் எடுத்துக் குடுக்கிறேம்மா” என்றார். அவர்தான் எங்கள் அத்தான். சொன்னபடியே செய்தார்.

இரண்டு பிள்ளைகள், நான்கு பேரக்குழந்தைகள் பார்த்து, இதய நோயால் அக்கா அமைதியாக விடைபெற்றார். மருத்துவம் பார்த்தவர்களுக்கும், மழையில் மருந்து வாங்கி வந்த அண்டை வீட்டாருக்கும், எல்லாருக்கும் மேலாக அத்தானுக்கும் எங்கள் நன்றி.

ஒரு வேண்டுகோள். இன்று ஆறு மணிக்கு அத்தானின் போனில் அலாரம் அடிக்கும். நிறுத்தச் சொல்லாதீர்கள், அவர் நிறுத்த மாட்டார். உங்களில் மாத்திரை இருப்பவர்கள் அதைப் போட்டுவிட்டுப் பந்திக்கு வாருங்கள்.