சைப்ரஸில் வெள்ளிக்கிழமை வேலை நாள்

இரண்டு மாதத்துக்கு முன்னால் மூன்று நாள் லீவு கேட்டேன்.

எங்கள் மலையாளி மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஊரில் யாருக்கு என்ன ஆச்சு என்று இரக்கத்தோடு விசாரித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நான் ஊருக்கே போகவில்லை, சைப்ரஸ் போகிறேன் என்றேன். அங்கே யாருக்கு என்ன ஆச்சு என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வளைகுடாவில் லீவு என்றால் ஊர். ஷார்ஜாவில் எனக்குப் பதினாலு வருஷம் ஆகிறது. ஆபீஸ் பெட்டகத்தில் தூங்கும் என் பாஸ்போர்ட்டில் ஷார்ஜாவையும் திருச்சியையும் சென்னையையும் தவிர வேறு விமான நிலையத்தின் முத்திரை கிடையாது. மத்தியதரைக் கடலில் இருக்கும் ஒரு தீவைப் போய்ப் பார்ப்பது... அதெல்லாம் வெள்ளைக்காரனின் வியாதி.

எனக்கு அந்த வியாதி புத்தகத்தால் வந்தது. ஃபினீஷியர், பாரசீகர், ரோமானியர், வெனிஸ்காரர், துருக்கியர், ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் ஆண்ட தீவு. சிலுவைப் போருக்குப் போகிற வழியில் ஓர் இங்கிலாந்து ராஜா இதைப் பிடித்து, கொஞ்ச நாளிலேயே விற்றுவிட்டுப் போயிருக்கிறான். இதையெல்லாம் மூன்று மாதம் படித்து, எந்த மணிக்கு எந்த இடிபாடு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் அட்டவணை போட்டேன். புதன்கிழமை போய் சனிக்கிழமை மாலை திரும்பும் பேக்கேஜ். மனைவி அட்டவணையைப் படித்துவிட்டு, "இதுல சாப்பாடு எப்போங்க?" என்றாள். விட்டுப்போயிருந்தது.

இங்கே விமானம் ஏறுகிற யாரும் சும்மா ஏற முடியாது. நாம் நடமாடும் தபால் நிலையம். சைப்ரஸில் நம் ஆட்கள் யார் இருக்கப் போகிறார்கள் என்று நான் கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தேன். கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை பாய் மட்டும், உப்பு ஏரிக் கரையில் ஒரு தர்கா இருக்கிறது, நபிகள் காலத்துப் பெண்மணி ஒருவர் கோவேறு கழுதையிலிருந்து விழுந்து இறந்த இடம், தன் சலாமைச் சொல்லிவிட வேண்டும் என்றார். சலாமுக்கு எடை கிடையாது. சரி என்றேன்.

அடுத்ததாகக் கருணாகரன் வந்தார்.

கருணாகரன் எங்கள் கட்டடத்தை ஒட்டிய லாண்டரியில் இஸ்திரி போடுபவர். இலங்கை, ஹட்டன் பக்கத்து மலைநாட்டுக்காரர். என் சட்டைகளின் மரியாதைக்கு அவர்தான் காரணம். சட்டைக்குள் இருப்பவனின் மரியாதைக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அவருடைய மனைவி செல்வி, சைப்ரஸில் லார்னகா என்ற ஊரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாளாம். ஐந்து வருஷம் ஆகிறதாம். பதினோரு வயது மகள் ஹட்டனில் அவருடைய அக்கா வீட்டில் வளர்கிறாளாம். மூன்று பேர், மூன்று நாடு.

செல்வியின் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. வேலைக்கு வைத்திருக்கும் மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாள். செல்வி போடப் போகிறாளா, ஊருக்குத் திரும்பப் போகிறாளா? அதுதான் கருணாகரனுக்குத் தெரிய வேண்டும்.

"கடுதாசியில கேட்டா, எல்லாரும் சுகம்னு எழுதுறா ஐயா. இதுக்குப் பதிலே வராது. நீங்க நேர்ல கேட்டு, அவ வாயால என்ன சொல்றாளோ அத அப்படியே கொண்டாந்து சொல்லுங்க. போதும்."

கத்தி மாதிரி மடித்த ஒரு ஜப்பான் சேலையையும் கொடுத்தார். செல்விக்குக் கடிதங்கள் ஒரு தேவாலயத்தின் முகவரிக்குத்தான் போகும். வீடு எங்கே என்று அவருக்கே தெரியாது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். லார்னகா கடற்கரைக் கோட்டை வாசல், வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. அன்றைக்குத்தானே லீவு? அவர் கடிதம் எழுதிப் போட்டார். நான் அட்டவணையில் நாலிலிருந்து ஐந்துவரை 'செல்வி' என்று எழுதிக்கொண்டேன். அதற்கு முன்னால் ரோமானியர், பின்னால் துருக்கியர்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோட்டை வாசலில் நின்றோம்.

அழகான இடம். ஒரு பக்கம் பழுப்புக் கல் கோட்டை, எதிரே நீலமாகக் கடல், கரை நெடுக ஈச்சமரங்கள். ஈச்சமரத்தைப் பார்க்கவா ஷார்ஜாவிலிருந்து விமானம் ஏறி வந்தோம் என்று மனைவி கேட்டாள். நாலரை ஆனது, ஐந்து ஆனது. வாசலைத் தாண்டிப் போன ஒவ்வொரு கறுத்த பெண்ணையும் நான் உற்றுப் பார்த்தேன். ஒரு போலீஸ்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

ஐந்தேகாலுக்கு மனைவி சொன்னாள்: "ஏங்க, எதிர்ல பாருங்க. கடையெல்லாம் தொறந்திருக்கு. டை கட்டினவன்லாம் ஃபைலைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறான். இவங்களுக்கு இன்னிக்கு வேலை நாளுங்க."

தலையில் யாரோ தட்டிய மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை லீவு அனுபவித்தவன் நான். உலகம் முழுக்க ஞாயிறுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை லீவு விடும் பதினாலு வருஷ வளைகுடா, காலண்டரைக் கழற்றி வேறு மாதிரி மாட்டிவிட்டது. கருணாகரனும் நானும் எத்தனை தடவை பேசினோம்! இரண்டு பேரில் ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை. மூவாயிரம் வருஷத்துச் சரித்திரம் தெரிந்தவனுக்கு அந்த வாரத்துக் கிழமை தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை எங்களுக்கு விமானம்.

அப்போது மனைவிதான் நாயோடு நடந்து வந்த ஒரு பெண்ணைக் கவனித்தாள். நாய் வெள்ளைக்கார நாய், பெண் நம் நிறம். சிங்களப் பெண். பாதி ஆங்கிலத்திலும் பாதி கையிலும் விசாரித்ததில், செல்வியை அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போக வேண்டாம், மேடம் ஒரு மாதிரி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கேயே நில்லுங்கள், நான் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

எனக்கு யோசனை. டிக்கெட் மாற்ற வேண்டும், மேனேஜரிடம் பொய் சொல்ல வேண்டும், சேலையை இவளிடமே கொடுத்தனுப்பினால் என்ன...

"சேலையைக் குடுத்தனுப்பலாம். பதிலை யாரு வாங்கிட்டு வர்றது?" என்றாள் மனைவி.

மேனேஜருக்கு போன் போட்டு, மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஒரு நாள் தாமதமாகும் என்றேன். அதை ஏன் எனக்குச் சொல்லணும், உங்களுக்குன்னு சொல்லக் கூடாதா என்று அவள் அன்று இரவு வரை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே கடற்கரையை அடையாளம் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் நம் பெண்கள். புல்வெளியில் சோற்றுப் பொட்டலம், ரேடியோவில் சிங்களப் பாட்டு, ஒருத்திக்கு ஒருத்தி பின்னல். ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு பெண் நேராக எங்களிடம் வந்து, "ஷார்ஜா ஐயாவா?" என்றாள். அதுதான் செல்வி.

சேலையை வாங்கினாள். மடிப்பின் ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமைன்னு எழுதியிருந்தாரு. ஞாயித்துக்கிழமைன்னு நான் போட்ட பதிலு நீங்க கெளம்பின பொறகுதான் போயிருக்கும். இங்க வந்து அஞ்சு வருசமாச்சு ஐயா. எனக்கு லீவு என்னைக்குன்னு அவருக்குத் தெரியல."

கான்ட்ராக்ட் பற்றிக் கேட்டேன். இருங்க, முதல்ல ஊரச் சுத்திப் பாருங்க, இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க என்று எங்களைக் கிளப்பிவிட்டாள். என் அட்டவணை பையிலேயே இருந்தது. அன்று நாங்கள் பார்த்தது செல்வியின் தீவு.

செத்துப் பிழைத்த லாசரஸின் பெயரிலான பழைய தேவாலயத்துக்குக் கூட்டிப்போனாள். அவர் இங்கே வந்து பிஷப்பாக இருந்தாராம். "பொழைச்சு வந்ததுலேருந்து முப்பது வருசம் சிரிக்கவே இல்லையாம் ஐயா. ஒரே ஒரு நாளு, சந்தையில ஒருத்தன் பானை திருடுறதப் பாத்துட்டு, மண்ணு மண்ணத் திருடுதுன்னு சிரிச்சாராம்." நானும் இதைப் படித்திருக்கிறேன். ஆனால் புத்தகத்தில் படித்தபோது, லீவு முடிந்து ஷார்ஜா ஏர்போர்ட்டில் வந்து இறங்கும் நம் ஆட்களின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

உப்பு ஏரிக்கு பஸ்ஸில் போனோம். வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஆயிரக்கணக்கில் பூநாரைகள் நின்றன. குளிருக்கு வந்து வெயிலுக்குப் போய்விடுமாம். கரையில் பேரீச்சை மரங்களுக்கு நடுவே தர்கா. மனைவி முக்காடு போட்டுக்கொண்டு கீழக்கரை பாயின் சலாமை என்னைவிட முறையாகச் சொன்னாள்.

வெளியே மரநிழலில் உட்கார்ந்தோம். துருக்கிப் படை வந்த சண்டைக்குப் பிறகு தீவின் குறுக்கே போகும் எல்லைக்கோட்டைப் பற்றி நான் ஆரம்பித்தேன். இந்தப் பக்கம் கிரேக்கர், அந்தப் பக்கம் துருக்கியர், நடுவில் ஐக்கிய நாடுகளின் சிப்பாய். செல்வி தலையாட்டினாள்.

"எங்க மேடம் வீடு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு ஐயா. இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. சாவி இன்னும் ஹேண்ட்பேக்குல கெடக்கு. சில நாளு அத எடுத்து வச்சுக்கிட்டு அழும். நானும் கூட ஒக்காந்து அழுவேன். அதுக்கு வீடு, எனக்குப் புள்ள."

அதற்கு மேல் எனக்குச் சரித்திரம் வரவில்லை. கருணாகரனின் கேள்வியைத் திரும்பவும் கேட்டேன்.

"நான் கையெழுத்துப் போடுவேனான்னு கேட்டு விட்டிருக்காரு. அவரு எத்தன தடவ போட்டாருன்னு கேளுங்க. மூணு தடவ. ஒரு தடவயாச்சும் எங்கிட்ட கேட்டாரா? போட்டுட்டு எழுதுவாரு. நான் மட்டும் ஊருக்குப் போயி யாரு மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்குறது? அவரு வேணாம்னு சொல்லட்டும். அந்த வாரமே நானும் வேணாம்னு மேடம்கிட்ட சொல்லிருவேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன் ஐயா. இத அப்படியே சொல்லுங்க, நீங்களா எதுவும் கொறைக்காதீங்க."

சரி என்றேன்.

"நீங்க எத்தன தடவ போட்டிருக்கீங்க ஐயா?"

ஏழு. நான் பூநாரைகளைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை லாண்டரிக்குப் போனேன். ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். இந்த மாதிரி தூது வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்பவர் கோபித்துக்கொண்டால் சட்டை போய்விடும். கருணாகரன் கேட்டுக்கொண்டே தேய்த்தார். யாருடையதோ ஒரு கந்தூரா, தரை வரை தொங்கும் வெள்ளை அரபு அங்கி. அதன் ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேற என்ன சொன்னா?"

உங்கள் மனைவியின் லீவு எந்தக் கிழமை என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றாள், என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நாளைக்குச் சட்டை தருகிறேன் ஐயா என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் ஆபீஸ், ஃபைல், மேனேஜரின் முகம். மனைவிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் தினமும் கேட்கிறார். நானும் தினமும் தேவலை என்கிறேன். லாண்டரிக்கு ஆபீஸ் டிரைவரிடம் துணியைக் கொடுத்தனுப்பினேன். நேரில் போகக் கூச்சம். அடுத்தவர் குடும்பத்தில் போய் நின்றுவிட்டு வந்தவனுக்கு இருக்கும் கூச்சம்.

மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது துணி வந்தது. காலரில் ஒரு சுருக்கம். கைமடிப்பு கோணல். மறுநாள் நானே போனேன். உள்ளே வேறு ஆள், பெஷாவர்க்காரர். "கருணா பாய் கலாஸ். முல்க் சலா கயா" என்றார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார், அர்பாப், அதாவது அரபு முதலாளி, எவ்வளவோ சொல்லியும் கையெழுத்துப் போடவில்லை என்று இந்தியில் விவரம் சொன்னார். பிறகு என் சட்டையைப் பார்த்து, ஏதாவது சரியில்லையா என்று கேட்டார்.

பிரமாதம் என்றேன்.