வரப்புக் கீழாநெல்லி

எங்கள் பக்கம் மருந்துக்குச் செடி பறிக்கப் போனால் வாயைத் திறக்கக் கூடாது. விடிவதற்குள் போய், பேசாமல் பறித்து, பேசாமல் திரும்ப வேண்டும். பார்க்கிறவர்களும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் மருந்து பலிக்காதாம். நான் தாவரவியல் படித்தவள். ஆலங்குடியில் பிள்ளைகளுக்கு அதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் போன மார்கழியில் தம்பிக்காகப் போனபோது வாயை இறுக மூடிக்கொண்டுதான் போனேன். தம்பி என்று வந்துவிட்டால் படிப்பாவது ஒன்றாவது.

திருப்பூரில் வேலை பார்த்தவன், மஞ்சள் காமாலையோடு வீட்டுக்கு வந்திருந்தான். டாக்டர் மாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். அதோடு விட அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. மீனையும் எண்ணெயையும் நிறுத்தினாள். கீழாநெல்லி எங்கள் அடுப்படிக்குப் புதிதல்ல. கோடையில் உடம்புச் சூட்டுக்கு அதன் கொழுந்தைச் சீரகம், சின்ன வெங்காயத்தோடு அரைத்துத் தயிரில் பச்சடி செய்வாள். காமாலைக்கென்றால் வேரோடு அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுப்பாள்.

பக்கத்துக் கடலைக் கொல்லையின் வரப்பில் அது மண்டிக் கிடந்தது. இலைக்கு அடியில் வரிசையாகக் காய்கள். சந்தேகமே இல்லை, கீழாநெல்லிதான். செடியெல்லாம் நனைந்திருந்தது, பனி என்று நினைத்தேன். ஏதோ நெடி அடித்தது, அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொல்லைக்காரப் பெரியப்பா பம்புசெட் பக்கம் நின்று என்னையே பார்த்தார். கையைத் தூக்கினார், பிறகு இறக்கிக்கொண்டார். முறை தெரிந்த மனிதர் என்று நினைத்தபடி நடந்தேன்.

வீட்டில் இரண்டு தண்ணீரில் அலசித்தான் அரைத்தோம். தம்பி டம்ளரைக் காலி செய்து வாயைத் துடைத்தபோது பெரியப்பா வாசலில் நின்றார்.

"மருந்து குடுத்துட்டியா ஆத்தா?"

"இப்பத்தான் குடிச்சான். ஏன் பெரியப்பா?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நேத்துப் பொழுது சாய அந்த வரப்புல களைக்கொல்லி அடிச்சேன். மருந்து பறிக்கிற புள்ளையக் கூப்பிடக் கூடாதேன்னு நின்னுட்டேன். நீ வீடு போய்ச் சேரட்டும்னு இருந்து வாரேன்."

அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் இடத்தில் நான் நின்றிருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அவரே காலி டப்பாவை எடுத்து வந்தார். அதைப் படித்ததும் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"கொஞ்சந்தான் உள்ள போயிருக்கும். ஆனா ஈரல் ஏற்கெனவே கெட்டிருக்கு. ஆளு நல்லாத்தான் இருப்பாரு, அத நம்பிராதீங்க. வாயில புண்ணு வருதான்னு பாருங்க. வந்தா வெஷம் உள்ள ஏறிருச்சுன்னு அர்த்தம், ஒடனே கூப்பிடுங்க."

இரண்டொரு நாளில் தம்பி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். டாக்டர் சொன்னது எதுவும் அவனுக்குத் தெரியாது. கையில் பொட்டலத்தோடு வந்த என்னிடம், "அக்கா, கண்ணு வெளுத்திருச்சா?" என்றான்.

மஞ்சள் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. "வெளுத்திருச்சுடா" என்றேன்.

"ஒன் எலை பலிச்சிருச்சு போ" என்று வாய்விட்டுச் சிரித்தான். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புண் தெரிந்தது.

வார்டே திரும்பிப் பார்க்கும்படி டாக்டரைக் கூப்பிட்டேன். கேட்ட இட்லியை அவன் கடைசிவரை தின்னவில்லை.