முனை கிடைக்கும் வரை

மாலை ஐந்தரைக்குத் தையல்கடையில் மற்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, ஊசியக்கா ஊசிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். மிஷின் ஊசி ஆறு, கை ஊசி நான்கு, பெரிய கத்தரி ஒன்று, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி ஒன்று. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணித்துண்டின் மேல் வரிசையாகப் படுக்க வைப்பாள். பிறகு இரண்டடி பின்னால் போய், உள்ளங்கை இரண்டையும் விரித்துக்கொண்டு நிற்பாள். யாராவது பார்த்துவிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கை இறங்கும்.

அவள் வேலைக்கு வந்த முதல் வாரம் கட்டிங் மாஸ்டருக்கு இது விளங்கவில்லை. "என்னக்கா, ஊசிக்கெல்லாம் பந்தியா போட்டிருக்க, வரிசையா உக்கார வச்சு?" என்றார். "எண்ணிப் பாத்துச் சொல்லுங்க மாஸ்டர்" என்றாள் அவள், கையை இறக்காமல். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள்தான் ஊசியக்கா என்று பெயர் வைத்தவள். போகப்போக, மாஸ்டர் தலையைக்கூடத் திருப்பாமல் "சரிக்கா, சரி" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் பழகிக்கொண்டார்.

எனக்கு அவள் ஓரகத்தியின் தங்கை. ஓரகத்தி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அந்த வழி அறுந்தாலும், அவளுடைய அப்பாவும் என் மாமியாரும் அண்ணன் தங்கை முறை என்பதால் இன்னொரு வழி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் என் பின்னறையில் வந்து இருந்தாள். சொந்த அண்ணன் வீடு நாலு தெரு தள்ளி, மாடியோடு இருக்கிறது. அங்கே இடம் இல்லை என்றார்கள்.

கணவனை ஒரு நாள் அடித்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவன் அதற்கு முன்னால் எத்தனை நாள் அடித்தான் என்பதை எண்ண அங்கே ஆளில்லை. ஒன்பது வருடம் உள்ளே இருந்தாள். செய்யவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை.

போகும்போது கைநாட்டு. உள்ளே நடந்த வகுப்பில் முப்பத்தோராம் வயதில் எழுத்துக் கூட்டினாள், எட்டு எழுதினாள், பத்து எழுதித் தேறினாள். எனக்கு நாலு வகுப்பு. என் கண்ணாடி உடைந்திருந்த மாதம் முழுக்க எனக்குக் கடிதம், ரசீது, மருந்துச்சீட்டு எல்லாம் படித்துச் சொன்னவள் அவள். தெருவில் நடந்தால் ஒரு பலகையை விடமாட்டாள். "இங்கு வாகனம் நிறுத்தாதீர்" என்று சத்தமாகப் படிப்பாள். நம்மிடம் வாகனம் ஏது என்றால், "இருக்கோ இல்லியோ, எழுதினவன் கஷ்டப்பட்டு எழுதியிருக்கான்ல" என்பாள்.

தையலும் அங்கே கற்றதுதான். அங்கே கத்தரியைச் சங்கிலி போட்டு மேசையோடு கட்டியிருப்பார்களாம். ஊசி உடைந்தால் இரண்டு துண்டையும் காட்ட வேண்டும். முனை காணோம் என்றால் நாற்பது பெண்களும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கையை விரித்து, கொண்டையை அவிழ்த்து, தலையை உதறிக் காட்ட வேண்டும். ஒரு முறை சாப்பாட்டு மணி அடித்து அடங்கியும் நின்றார்களாம். முனை கடைசியில் மேற்பார்வைக்காரியின் செருப்பிலேயே குத்திக்கொண்டிருந்ததாம். "அவங்க மட்டும் கொண்டைய அவுக்கல" என்று சொல்லிவிட்டு ஊசியக்கா அன்று வெகுநேரம் சிரித்தாள்.

வெளியே வந்ததும் மறுவாழ்வு அலுவலகத்தில் விழா வைத்தார்கள். மேடையில் ஏற்றித் தையல் மிஷின் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். இறங்கியதும் மிஷினை வாங்கிக்கொண்டார்கள். அது காட்டுவதற்கானதாம், அவளுடையது பின்னால் வருமாம். "மேடையிலயே மிதிச்சுப் பாத்தேன்க்கா. ஊசியே இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள். பின்னால் ஒன்றும் வரவில்லை. மாதம் ஒரு முறை அந்த அலுவலக மேடம் மட்டும் வருவார், கையில் ஒரு படிவத்தோடு. வேலை உண்டா, இருப்பிடம் உண்டா, மனநிலை எப்படி. மூன்று கட்டம். டிக் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்.

தையல் சான்றிதழின் அடியில் அது எந்த இடத்தில் கொடுத்தது என்று அச்சடித்திருந்தது. அந்த வரியை ஒரு விரல்கடை பின்பக்கம் மடித்து, மடித்தபடியே பிளாஸ்டிக் உறை ஒட்டி வாங்கிக்கொண்டாள். கடை முதலாளி அதைப் புரட்டிப் பார்த்து, "கீழ என்ன மடிஞ்சிருக்கு?" என்றாராம். "காகிதம் பெருசுங்க." அவர் மேலே கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துகொள்ள வேண்டி வரும். அவளுடைய கைத்தையலோ பக்கத்துக் கடைக்காரர்களே வந்து பார்த்துவிட்டுப் போகிற தையல்.

அவளுக்கு ஒரு மகள். தாய் உள்ளே போனபோது வயது ஐந்து. அண்ணன்தான் வளர்த்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மாமனை அப்பா என்றும் மாமியை அம்மா என்றும் கூப்பிடப் பழக்கிவிட்டார்கள். அப்பாவுக்குத் தங்கை என்றால் என்ன முறை? பெற்றவளை அந்தப் பெண் "அத்தை" என்று கூப்பிடுகிறாள். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான்.

பிள்ளையைக் கேட்டுப் போனபோது அண்ணன் சொன்னான்: "ஒரே இடத்துல ஒரு வருஷம் வேலை பாரு. ஒரு சண்டை, ஒரு பேச்சு வரக் கூடாது. அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போ. நான் தடுக்க மாட்டேன்." அன்றிலிருந்து பின்னறைச் சுவரில் என் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். பதினோரு மாதமும் ஒன்பது நாளும் அடித்தாள்.

அந்தச் சனிக்கிழமை நான் தலையணை உறை தைக்கக் கொடுத்துவிட்டுக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகளும் வந்திருந்தாள், பள்ளிப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்க. ஊசியக்கா அவளை நிமிர்ந்து பார்ப்பதும் தைப்பதுமாக இருந்தாள். மருந்துக்கடைக்காரர் மனைவி தன் இரண்டு வயதுக் குழந்தையின் கவுனுக்காக நின்றபடியே அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கடைசித் தையல், இடுப்புப் பட்டை. டக் என்று ஊசி உடைந்தது. மேல்துண்டு மிஷினில் இருந்தது. முனை இல்லை.

தரையைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், கவுனை உதறினாள். முனை இல்லை.

"பரவால்ல, குடும்மா, நேரமாச்சு" என்று அந்த அம்மாள் கவுனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் திணித்தார். ஊசியக்கா எழுந்து போய்க் கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பி நின்றபோது குரல் வேறாக இருந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"யாரும் அசையக் கூடாது. முனை கிடைக்கிற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது. கைய விரிங்க."

"அக்கா, ஒரு ஊசிதானே, விடுக்கா" என்றார் மாஸ்டர்.

"கைய விரிங்க மாஸ்டர்." அவர் விரித்துவிட்டார். நானும் விரித்தேன். மருந்துக்கடை அம்மாள் மட்டும் விரிக்கவில்லை. ஊசியக்கா அவர் முன்னால் போய் நின்று சொன்னாள்: "பையைத் திற. கொண்டைய அவு."

"என்னது?"

"கொண்டைய அவுத்து உதறு."

அந்த அம்மாளின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. "இது எங்க பழகின வேலைன்னு எனக்குத் தெரியும். எங்க அண்ணி அங்கதான் நர்சா இருந்தாங்க" என்று நிதானமாகச் சொன்னார். முதலாளியைப் பார்த்து, "தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்களா?" என்றார். முதலாளி தன் மேசையில் இருந்த அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

அப்போது மகள் சொன்னாள்: "அத்தை, கதவைத் திறங்க."

ஊசியக்கா திறந்தாள். முதலில் வெளியே போனது மகள்தான். பாவாடை பாதி பிரித்தபடி மேசையிலேயே கிடந்தது. திங்கட்கிழமை வரவேண்டாம் என்று முதலாளி சொன்னபோது ஊசியக்கா அதற்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இரவுக்குள் செய்தி நாலு தெருவையும் தாண்டிவிட்டது. மறுநாள் அண்ணன் வந்தான், வாசலிலேயே நின்றான். "ஒரு வருஷம்னா ஒரு வருஷம்தான். வேற வேலை தேடிக்க. திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணு." உள்ளே வாப்பா என்று நான் சொன்னது அவன் காதில் விழவில்லை. அந்த மாதத்துப் படிவத்தோடு வந்த மேடம், வேலை என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு, "நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றார். தண்ணீர் குடித்தார்.

ஐந்தாம் நாள் காஜாப் பெண் வந்தாள், கையில் சின்னக் காகிதப் பொட்டலத்தோடு. முனை கவுனின் இடுப்புப் பட்டைக்குள் இருந்ததாம். இஸ்திரி போடுகிறவர் தேய்த்தபோது இஸ்திரிப் பெட்டியில் கீறியிருக்கிறது. குழந்தைக்குப் போட்டிருந்தால் வயிற்றில் ஏறியிருக்கும். மருந்துக்கடை அம்மாள் அதைத் தையல்கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம்.

"முதலாளி என்ன சொன்னார்?" என்று நான் கேட்டேன்.

"'அவ மேல தப்பில்லன்னு தெரியுது. ஆனா கொண்டைய அவுக்கச் சொன்னத யாரு மறப்பா'ன்னாரு. இதைக் குடுத்துட்டு வந்துடு, கடைப் பேரைச் சொல்லாதன்னாரு." சொல்லிவிட்டு அவள் அழுதாள். ஊசியக்கா அழவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தாள். தலையணைக்கு அடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். அதற்குள் பசைநாடாவில் ஒட்டிய மேல்துண்டு இருந்தது. முனையை அதன் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தாள். பொருந்தியது. அழுத்தி ஒட்டி, அன்றைய தேதியைப் பக்கத்தில் எழுதி, தீப்பெட்டியை மூடி, ஒரு வெள்ளைத் துணித்துண்டை விரித்து அதன் மேல் வைத்தாள்.

பிறகு இரண்டடி பின்னால் போனாள். தன் கொண்டையை அவிழ்த்தாள். நரை கலந்த முடி, தோள்வரைதான் இருந்தது. தலையை ஒரு முறை உதறினாள். உள்ளங்கைகளை விரித்து என் முன்னால் நின்றாள்.

காஜாப் பெண் என்னைப் பார்த்தாள். ஊசியக்கா கையை இறக்கவில்லை.

"சரி" என்றேன்.