நல்லேப்பிள்ளி மடையிலிருந்து வட்டவடை வரை

முப்பத்தொரு வருடங்களுக்கு முன் நான் ஒரு பொய் சொன்னேன். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவோம். கடைமடைக்காரர் ராமசாமியின் முறையன்று மடையை என் வயலுக்குத் திருப்பியவன் நான். அவருடைய நாற்று காய்ந்தது. விவசாயிகள் கூட்டத்தில் என் பண்ணையாள் ஆரோக்கியத்தைக் கைகாட்டினேன். ராமசாமி அவரைச் செருப்பால் அடித்தார். பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் மனைவியுடன் ஊரைவிட்டே போய்விட்டார்.

போன மாதம், என் எழுபத்தெட்டாம் வயதில், அவர் வட்டவடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனேன்.

காலை 5.30 பஸ். பொள்ளாச்சி, உடுமலை. அங்கிருந்து மூணாறு எண்பத்தைந்து கிலோமீட்டர். சின்னாறு செக்போஸ்ட் தாண்டியதும் வளைவுக்கு வளைவு முழங்கால் வலித்தது. மனைவி போய்ச் சேர்ந்தாள், மகன் பேசுவதில்லை, காலும் இப்படி. செய்த வினையை அனுபவித்துத் தீர்த்துவிட்டேன் என்று வழியெல்லாம் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பகல் 12. மூணாறிலிருந்து வட்டவடைக்கு ஜீப். நாற்பத்தைந்து கிலோமீட்டர், இடத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.

"ஐயா, பூண்டு வாங்க வந்தீகளா?" என்றார் டிரைவர்.

"ஒருத்தரைப் பார்க்கணும்."

"இந்த வயசுல பொண்ணு பாக்கவா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முடியவில்லை.

மாலை 3. ஆரோக்கியம் ஓடையில் காரட் கழுவிக்கொண்டிருந்தார். முன்பு என்னைப் 'பண்ணாடி' என்பார், பண்ணை முதலாளி என்று. இன்று அப்படி அழைக்கவில்லை.

"ஏனுங்க, இவ்வளவு தூரம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். நான் பட்டதையும் சொன்னேன்.

"உங்களுக்குக் கால் வலிச்சா எனக்கென்னங்க ஆச்சு? அந்த ஊர்ல நா இன்னும் தண்ணித் திருடன்தானுங்களே?"

"மன்னிச்சிரு, ஆரோக்கியம்."

"அது அப்பவே ஆச்சுங்க. கர்த்தர் எனக்கு இனாமாக் குடுத்தாரு, நானும் இனாமாக் குடுத்துட்டேன். எம் பேரு அப்படியில்லீங்க. அதை எங்க எடுத்தீங்களோ அங்கயே வெக்கோணும்."

ஒரு பை காரட் கொடுத்து ஜீப் ஏற்றிவிட்டார். எங்கள் வீட்டில் வினையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். செய்தவன் என்ன ஆவான் என்பதுதான் பேச்சு. அதற்கு ஆளானவர் என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்டதில்லை. படித்த நானும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு, அதே கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். "இப்ப எதுக்குங்க இதெல்லாம்?" என்றார் ஒருவர். மடையைத் திறந்து மூடும் சாவி இத்தனை வருடமும் என்னிடம்தான் இருந்தது. தலைவர் கை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

அன்றே ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன்.

"யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டார். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன்.

"ராமசாமியண்ணன்?"

"போன ஆடியில தவறிட்டார்."

"அப்ப அவரு கேக்கலீங்க" என்றார்.