கோயில் மேட்டில் இறங்குகிறவர்

பவளம் மோட்டார் சைக்கிள் லைசன் டெஸ்டில் பாஸாக மாட்டாள் என்று எஸ்டேட் லைனில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தவிர வேறெதையும் கட்டி மேய்க்கத் தெரியாத பொம்பளை, புருஷனுடைய பழைய காக்கிச் சிலுவாரைக் காலில் மாட்டிக்கொண்டு மோட்டாரில் எட்டுப் போடப் போகிறாளாம் என்று பக்கத்து வீட்டு வேலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். எண்பத்திரண்டாம் வருடம், தூறல் விட்டும் விடாத ஒரு காலையில், தானா ராத்தா டவுன் திடலில் நட்டிருந்த கம்புகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் பவளம் எட்டுப் போட்டாள். சோதனை அதிகாரி திடீரென்று கையை உயர்த்தியபோது சறுக்காமல் நிறுத்தினாள். புருஷன் எங்கே, அவர் ஓட்டமாட்டாரா என்று அந்த மனிதர் மலாயில் கேட்டார். பவளம் திடல் ஓரத்து மரத்தடியைக் கை காட்டினாள். அங்கே அவளுடைய குடையைப் பிடித்துக்கொண்டு சாம்பசிவம் உட்கார்ந்திருந்தார். நீட்டி வைத்திருந்த வலது காலில் பெரிய கட்டுப் போட்டிருந்தது.

அந்தக் காலுக்காகத்தான் இத்தனை பாடும். சாம்பசிவம் எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டியவர். ஏதோ ஓட்டினார் என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி ஓட்டியவர் இல்லை. எஸ்டேட்டில் கோயில் மேடு என்று ஒன்று இருக்கிறது. அடியில் மாரியம்மன் கோயில், உச்சியில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களமும் கொழுந்து நிறுக்கிற கொட்டகையும், அதை ஒட்டி லைன் வீடுகள். நடுவே செங்குத்தான செம்மண் பாதை. மழை பெய்தால் துரையின் ஜீப்பே அங்கே திணறும். ஈரக் கொழுந்து நிறைந்த லோரியை அந்த மேட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டே ஏற்றுவார் சாம்பசிவம். கொட்டகையில் நிற்கிற பொம்பளைகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பவளம் அவரைக் கட்டிக்கொண்டதே அந்த வேடிக்கையில் மயங்கித்தான். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்புறம் ஒரு மழைநாளில் அதே லோரி வேறொரு பாதையின் வளைவில் சரிந்து அவர் காலை நசுக்கிவிட்டது. எலும்பு கூடியது, புண் கூடவில்லை. போதாக்குறைக்கு இனிப்பு நீர் வியாதி வேறு சேர்ந்துகொண்டது. முழங்கால் மடங்காத ஆளை வைத்துக்கொண்டு லோரி ஓட்ட முடியுமா? ஸ்டோர் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வாராவாரம் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். வீட்டிலிருந்த எழுபது சிசி குட்டி மோட்டாரில் அவரால் பிரேக்கை மிதிக்க முடியவில்லை. பவளம்தான் பழகிக்கொண்டாள். திட்டித் திட்டி அவரேதான் சொல்லிக்கொடுத்தார்.

லைசன் இல்லாத நாளில் மெயின் ரோடு வரைக்கும்தான் இந்தச் சவாரி. அங்கே ஒரு காய்கறித் தோட்டக் கொட்டகையில் மோட்டாரை விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறுவார்கள். திரும்பும்போதும் அப்படியே. ஆனால் கோயில் மேட்டின் அடிக்கு வந்ததும் சாம்பசிவம் இறங்கிவிடுவார். இந்த இன்ஜின் இரண்டு பேரை இழுக்காது, வெந்து போய்விடும் என்பார். போகும்போது இறக்கத்திலும் பின்னால் உட்கார மாட்டார், அதற்கு பிரேக் போதாதாம். பவளம் தனியாக மேலே ஏறிப்போய் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மனிதர் கம்பை ஊன்றி, நின்று நின்று, காலை இழுத்துக்கொண்டு வருவார். காலையில் போட்ட வெள்ளைக் கட்டில் சேறும் ரத்தமும் சேர்ந்திருக்கும்.

வேலம்மாவின் மகன் அதே மாதிரி குட்டி மோட்டாரில் பெண்டாட்டியையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் ஏறுவதை அவள் பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள். நம்முடையது பழைய இன்ஜின் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். சாம்பசிவம் எதைப் பற்றி வேண்டுமானாலும் அளப்பார். புலியைப் பார்த்தேன் என்பார், துரை தன்னிடம் வந்து யோசனை கேட்டார் என்பார். ஆனால் இன்ஜினைப் பற்றி மட்டும் அவர் வாயில் பொய் வராது என்று அவள் சத்தியமாக நம்பினாள்.

ஆகவே லைசன் கைக்கு வந்ததும் அவள் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோயில் மேடு ஏறுகிற ஒரு பெரிய மோட்டார் வேண்டும். கூட்டுச் சீட்டு எடுத்த பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, அவரையும் கிளப்பிக்கொண்டு பிரிஞ்சாங்குக்கு பஸ் ஏறினாள்.

பிரிஞ்சாங்கில் பழைய மோட்டார் வாங்கி விற்கிற சீன முதலாளி ஒருவர் இருந்தார், தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆள் நல்ல பருமன், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். சாம்பசிவம் அங்கே போனதும் லோரி ஓட்டிய காலத்து ஆளாகிவிட்டார். ஒவ்வொரு மோட்டாராகத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். பவளத்துக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் என்ன கொடுமை, ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் சங்கிலி தளர்ந்திருக்கிறது என்றார். இன்னொன்று எண்ணெய் குடிக்கும் என்றார். கறுப்பு நிறத்தில் நூற்றிருபத்தைந்து சிசி மோட்டார் ஒன்று நின்றது. அதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், உனக்குக் கால் எட்டாது, விழுந்து சாவாய் என்றார். எதற்கு வீண் செலவு, குட்டி மோட்டாரே போதும் என்று வாசலுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்.

பவளத்துக்குச் சுருக்கென்றது. பணத்துக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். விடவில்லை. கறுப்பு மோட்டாரில் ஏறி உட்கார்ந்தாள். கட்டை விரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. அதனாலென்ன, நிற்க ஒரு கல் கிடைத்தால் போதாதா? பின்னால் ஆளை வைத்து ஒரு மேடு ஏற்றிப் பார்க்க வேண்டும், வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டாள். கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். தவுக்கே பார்த்தார். வியாபாரம் கை நழுவுகிறது என்று தெரிந்ததும் தானே ஏறிப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய உடம்பையும் சுமந்துகொண்டு கடைக்குப் பின்னால் இருந்த மேட்டில் மோட்டார் முனகாமல் ஏறியது. பவளத்துக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. தவுக்கேயும் பயத்தில் கத்திக்கொண்டே சிரித்தார்.

திரும்பி வந்தபோது சாம்பசிவத்தின் முகம் செத்துப் போயிருந்தது. இன்ஜினைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "நல்ல இன்ஜின்தான். எடுத்துக்க" என்றார்.

அன்று சாயங்காலம் அந்த மோட்டாரிலேயே எஸ்டேட்டுக்குத் திரும்பினார்கள். லைசன் இருப்பதால் மெயின் ரோட்டில் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. சாம்பசிவம் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கோயில் மேடு வந்தது. பவளம் கியரைக் குறைத்து முறுக்கினாள். மோட்டார் கிண்ணென்று ஏறத் தொடங்கியது.

"நிறுத்து புள்ள" என்றார்.

"ஏறுதுங்க. பாருங்க, எப்படி ஏறுது."

"ஏறும்னு எனக்குத் தெரியும். நிறுத்து."

கோயிலைத் தாண்டியதுமே ஒரு கல் இருந்தது. அதில் இடது காலை ஊன்றி நிறுத்தினாள். சாம்பசிவம் கம்பை ஊன்றி இறங்கினார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே, கொட்டகையில் பொம்பளைகள் கொழுந்து நிறுக்க வரிசை கட்டி நிற்கிற நேரம் அது.

"இந்த மேட்டுல எத்தனை வருஷம் லோரி ஏத்துனவன் நான். அதுங்க முன்னாடி என்னை ஒன் முதுகுக்குப் பின்னால உக்கார வெச்சு ஏத்தாத. குட்டி மோட்டாரும் ஏறியிருக்கும். நான்தான் ஏறாதுன்னு சொன்னேன்."

பவளத்துக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் நடந்ததும், புண் வாய் பிளந்ததும், ராத்திரியெல்லாம் அவர் முனகியதும் இதற்குத்தானா? இன்ஜினைப் பற்றிப் பொய் சொல்லாத மனிதர் இதற்காக அதையும் சொல்லிவிட்டாரா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவர் ஏற்கெனவே கம்பை ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் பாதி உடம்புதான் நடந்தது, மீதியை இழுத்துக்கொண்டு போனார். அவள் வாயை மூடி மோட்டாரை முறுக்கினாள்.

மேலே ஏறியதும் வேலம்மாவும் மற்றவர்களும் மோட்டாரைச் சூழ்ந்துகொண்டார்கள். வேலம்மா சீட்டைத் தடவிப் பார்த்து, நல்லாத்தான் இருக்குலா என்று ஒப்புக்கொண்டாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது சாதாரணமில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே, "எங்கடி அண்ணன்? இவ்வளவு பெரிய மோட்டார் வாங்கியும் நடந்தா வர்றாரு?" என்று கேட்டுவிட்டாள்.

"கோயில்ல கும்பிட்டுட்டு வர்றாரு" என்றாள் பவளம்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அன்றிலிருந்து அவர் பொய்க்கு அவளும் கூட்டாளியாகிவிட்டாள்.

வீட்டில் புண்ணைக் கழுவும்போது மோட்டாரை விற்றுவிடப் போகிறேன் என்று பொரிந்து தள்ளினாள். சாம்பசிவம் வேண்டாம் என்றார். மெயின் ரோட்டு மேடுகளில் அது சொகுசாகப் போகிறது, கால் உதறவில்லை என்றார். அதுவும் உண்மைதான். அடுத்த வாரம் அவர் சொல்வதற்கு முன்பே பவளம் அந்தக் கல்லில் காலை ஊன்றி நிறுத்தினாள். சீட்டு லேசாகி மேலே எழும்பும். அவர் இறங்கிவிட்டார் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வாள். திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விடுவாள்.

இப்படியே ஐந்தாறு வருடம் ஓடியது. சாம்பசிவத்துக்கு பக்தி முற்றிவிட்டது என்று லைனில் பேச்சாகிப்போனது. திருவிழாக் கமிட்டியில் அவரைத் தலைவராகப் போடலாமா என்றுகூட யோசித்தார்கள். பவளம் அதைக் கேட்டு அடுப்படியில் போய்ச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரைப் பின்னால் வைத்து அந்த மேட்டில் ஏறிவிட வேண்டும், யார் என்ன சொன்னாலும் சரி என்று அவளுக்கு இருந்தது. அந்த ஆசை போகவே இல்லை. பெருமைக்கு இல்லை. அந்தப் புண் ஒரு வாரமாவது ஆறட்டும் என்றுதான். எத்தனையோ தடவை நிறுத்தாமல் முறுக்கிவிடலாமா என்று கை துறுதுறுக்கும். மனது வராது.

எண்பத்தெட்டாம் வருடம் மழைக்காலம். புண் பாதத்துக்கு இறங்கிவிட்டது, விரல் இரண்டு கறுத்துவிட்டன. கட்டு மாற்றப் போன ஒரு நாள் ஆஸ்பத்திரியில், அடுத்த வாரம் துணிமணியோடு வந்துவிடுங்கள், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள். சாம்பசிவம் சரி என்றார். திரும்பும் வழியில் பவளம் என்னென்னவோ பேசிப் பார்த்தாள். கோலா தெர்லாவில் ஒருவர் கட்டைக்கால் வைத்துக்கொண்டு தோட்டத்தில் வேலை செய்கிறார் என்றாள்.

கோயில் மேடு வந்தது. பழக்கத்தில் அந்தக் கல்லில் இடது காலை ஊன்றி நிறுத்தினாள். சீட்டு எழும்பட்டும் என்று காத்திருந்தாள். எழும்பவில்லை.

"ஏங்க?" என்றாள்.

"போ பவளம்."

"இறங்கலயா?"

"முடியல. ஏத்திரு."

பவளம் கியரைப் போட்டாள். இத்தனை வருடமாக இதற்குத்தானே ஏங்கினாள்? வந்துவிட்டது. அவளுக்கு அது வேண்டாம் போலிருந்தது. மோட்டார் ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. எதற்கு இவ்வளவு நன்றாக ஏறித் தொலைக்கிறது என்று அதன் மேல் ஆத்திரம் வந்தது. பாதி மேட்டில் அவளால் தாங்க முடியவில்லை. "நிறுத்துன்னு ஒரு தடவை சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்று கெஞ்சினாள். எப்போதும் பின்கம்பியைப் பிடித்திருக்கும் அவர் கை முன்னால் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டது.

கொட்டகையில் பொம்பளைகள் வரிசையாக நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். வேலம்மாதான், வாய் சும்மா இருக்காத வேலம்மா, கிட்டே வந்து, "என்னண்ணே, இன்னைக்குக் கோயிலுக்குப் போவலையா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"கும்பிட்டதெல்லாம் போதும் தங்கச்சி" என்றார் சாம்பசிவம்.

இன்ஜின் நின்றால் தன் அழுகை அவருக்குக் கேட்டுவிடும் என்று பவளம் அதை நிறுத்தாமலே வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள்.