வரவேற்கக் காத்திருக்கும் அண்ணன்

நடக்காது என்று தெரிந்த ஒன்றை, நல்ல காரியத்துக்காக, ஊருக்கெல்லாம் எழுதி அனுப்பலாமா? நான் அனுப்பிவிட்டேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் நாத்தனாரின் நிக்காஹ் தேதி முடிவானதும், கார்டு அடிப்பதற்கு முன்பே போனில் ஒரு அறிவிப்பு அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. மேலப்பாளையத்தில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் கடல் தாண்டி இருக்கிறார்கள். கார்டு கைக்கு வந்த பிறகு லீவு கேட்டால் கிடைக்காது. என் கணவரும் அங்கேதான், ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை செய்கிறார். மாமனார் உயிரோடு இல்லை. எனவே பொறுப்பாக நின்று தங்கையைக் கட்டிக்கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

படித்த மருமகள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. போன் செயலியில் தேடியபோது அகப்பட்ட மாதிரியில், ஒரு மரத்தடியில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளையும் வெள்ளைக் கவுன் போட்ட பெண்ணும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மாமி, என் கணவரின் உம்மா, எட்டிப் பார்த்தார்கள்.

"ஏளா, அந்தப் பிள்ளைக்குத் தலையில துணியே இல்லியே! தோளும் தெரியுது. இதைத்தான் பள்ளிவாசல்ல தொழவைக்கிற அசரத்துக்கும் அனுப்பப் போறியா?"

நாத்தனார் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். நான் இருவரையும் அழித்தேன். மரம் மட்டும் மொட்டையாக நின்றது. ஒரு மல்லிகைச் சரத்தைச் சேர்த்தேன். மேலே பிஸ்மில்லாஹ் போட்டேன். பார்த்துவிட்டு எல்லோரும் மற்ற படங்களோடு இறைவன் பெயரையும் அழித்துவிடுவார்களே என்று எடுத்தேன். இல்லாமல் எப்படி என்று மறுபடி போட்டேன். எதையும் ஒரே தடவையில் முடிக்க எனக்கு வராது.

"கீழ அண்ணன் பேரைப் போடுங்க மதினி," என்றாள் நாத்தனார். "வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லப்போறது அவன்தான?"

'வரவேற்கக் காத்திருக்கும் மணமகளின் அண்ணன்' என்று எழுதி, அவர் பெயரைச் சேர்த்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து அவர் கூப்பிட்டார். தனியாகப் பேச வேண்டும் என்றார். போனோடு மாடிக்குப் போனேன்.

"லீவு இல்லன்னுட்டானுவ. அந்த மாசம் வேலையை முடிச்சுக் கொடுக்கணுமாம், ஒருத்தருக்கும் கிடையாது. இனி கேட்டா ஊருக்கே போயிருன்னுதான் சொல்லுவான்."

"அப்ப தேதியை மாத்தச் சொல்லுவோமா?"

"வேண்டாம். மாப்பிள்ளைக்கு அந்த லீவை விட்டா வேற கிடையாது. உம்மாவுக்குத் தெரிஞ்சா நான் வாறவரைக்கும் தள்ளிப்போடுன்னுதான் சொல்லுவா. போன தடவை என்ன ஆச்சு?"

போன தடவை ஏர்வாடியிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. இவர் வரட்டும், இவர் வரட்டும் என்று மாமி தள்ளிப்போட, அவர்கள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அதன்பிறகு நாத்தனார் வெகுகாலம் எந்தக் கல்யாண வீட்டுக்கும் வரவில்லை.

"நீ அனுப்பிரு. நான் பைய உம்மாட்ட சொல்லிக்கிடுதேன்."

"உங்க தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்ல?"

நெட்டு சரியில்லை என்று வைத்துவிட்டார்.

கீழே இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். "என்ன, போயிருச்சா?" என்றார்கள் மாமி. அவர் பெயர் இருந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அப்படியே அனுப்பினேன்.

குடும்பக் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. அவருடைய சாச்சா மகன், அதாவது சித்தப்பா பிள்ளை, ரியாத்திலிருந்து குரலில் பேசி அனுப்பினார்: "மதினி, அவன் வாரான்லா? நானும் அதே வாரம் லீவு எழுதிட்டேன். ரெண்டு பேருமா மணிமுத்தாறுல குளிச்சு எத்தனை வருசமாச்சு! வரலைன்னா காலை ஒடிச்சிருவேன்னு சொல்லுங்க."

அதற்குக் கீழே என் கணவர் 'இன்ஷா அல்லாஹ்' என்று போட்டிருந்தார். இறைவன் நாடினால் என்றுதான் பொருள்; அது பொய்யில்லைதான். ஆனாலும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் நடக்கத் தொடங்கியதிலிருந்து வாப்பாவைப் போனில்தான் பார்க்கிறாள். அவர் வரப்போவதாக அத்தை அவளிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் அவள் அவரிடமே கேட்டாள்: "வாப்பா, நீங்க போனை விட்டு வெளிய வரப்போறீங்களாமே?" அவர் கண்ணில் வெயில் அடிக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அறைக்குள் இருந்தார்.

இன்னும் அவர் மாமியிடம் சொல்லவில்லை. கேட்டால் "சொல்லுதேன்" என்கிறார்.

போன வாரம் துணி எடுத்து வந்து விரித்துப் பார்த்தோம். எங்களில் நிக்காஹ் அன்று பெண்ணுக்குப் பொறுப்பான ஆண் சாட்சிகளோடு அவள் இருக்கும் அறைக்கு வந்து சம்மதம் கேட்பார். அந்தப் பேச்சு வந்தது.

"அண்ணன் வந்து கேட்டாத்தான் சொல்லுவேன். வேற யாரு கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க," என்றாள் நாத்தனார்.

"நீ வாயைத் திறக்காட்டியும் சம்மதம்னுதான் எழுதுவாக, போடி," என்றார்கள் மாமி.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவர் போனிலேயே பொறுப்பைச் சாச்சாவிடம் ஒப்படைக்கலாம். மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது. நிக்காஹ் நடந்துவிடும். ஆனால் அறைக்குள் வருகிறவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். அண்ணன் வரவில்லை என்பது மட்டுமல்ல, எனக்கு அது முதலிலிருந்தே தெரியும் என்பதும்.

அடுத்த மாதம் கார்டு அச்சுக்குப் போகிறது. அதைத் தூக்கிக்கொண்டு மாமி வீடு வீடாக ஏறி, மகன் வருகிறான் என்று சொல்வார்கள். இப்போது மாமியிடம் சொன்னால் கல்யாணம் தள்ளிப்போகும். நாத்தனாரிடம் சொன்னால் அவளே தள்ளிப்போடச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சொல்ல வேண்டியது அவர்தான், நான் யார் நடுவில் என்றும் தோன்றுகிறது.

வாசிக்கிறவர்கள் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். முதலில் யாரிடம் சொல்லட்டும்? உங்களில் யாராவது, அண்ணன் வராமல் வேறொருவரிடம் சம்மதம் சொன்ன பெண்ணாக இருந்தால், அதை உங்களிடம் எப்போது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பீர்கள் என்று எழுதுங்கள்.